பன்னிரண்டு வார இரவல்

உடைமாற்றும் அறையில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்றாவது முறையாக இடம் மாறி உட்காருகிறான். முதலில் ஜன்னலோரம், பிறகு கோல்கீப்பருக்கு எதிரே, இப்போது கதவை ஒட்டிய பெஞ்சின் நுனியில். உட்கார்ந்தாலும் முழங்கால் அடங்குவதில்லை. "யப்பா, பெஞ்சே ஆடுது. கொஞ்சம் சும்மாதான் இரேன்" என்று கேப்டன் கத்தினால், "நான் ஆட்டலண்ணே, அதுவா ஆடுது" என்று பதில் வரும்.

எங்கள் கால்பந்து அணியின் ஜெர்சி, சாக்ஸ், பூட்ஸ் எல்லாம் என் பொறுப்பு. பதினெட்டு வருடமாகத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். அழுக்குத் துணியைப் பார்த்தே அதைப் போட்டவன் அன்றைக்கு ஓடினானா, ஓடுவதுபோல் பாவலா காட்டினானா என்று சொல்லிவிடுவேன். இவன் விஷயத்தில் அந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை. பயிற்சி தொடங்குமுன்பே இவன் ஜெர்சி தொப்பலாக நனைந்திருக்கும்.

முன்வரிசை ஆட்டக்காரன், வயது முப்பத்தொன்று. பழைய கிளப்பில் ஆறு வருடம் இருந்தான், அதில் கடைசி ஒரு வருடம் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவனைப் பன்னிரண்டு வாரத்துக்கு இரவலாக எங்களிடம் அனுப்பினார்கள். இங்கே கோல் போட்டுக் காட்டினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது, அப்புறம் அவரவர் வழி. எங்களிடமும் நிரந்தர இடம் கிடையாது. அதை மேனேஜர் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பையன்கள் அவனுக்கு 'இரவல்' என்று பெயர் வைத்தார்கள். "இரவல், இங்க குடு!" என்றால் கூச்சமே இல்லாமல் பந்தைத் தட்டிவிடுவான். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

அவன் பழக்கங்களை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. புது ஜெர்சி கொடுத்தால் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் அளவுச் சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்ப்பான். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குண்ணே." நின்றுகொண்டே சாப்பிடுவான். அணி பஸ்ஸில் அவன் உட்காராத இருக்கை டிரைவருடையது ஒன்றுதான். ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இரண்டாம் வாரம் கீழ்வீட்டு அம்மா கிளப்புக்கே வந்து, "தம்பி மேல என்னதான் பண்ணுது? எந்நேரமும் திம்முதிம்முன்னு சத்தம். மேல ஆள் குடியிருக்கா, ரயில் ஓடுதா?" என்று கேட்டார். வேறொன்றுமில்லை, நடந்துகொண்டிருந்தான்.

மனைவியிடம் போனில் பேசும்போது மைதானத்தைச் சுற்றுவான். அவள் பழைய ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், மகள் இரண்டாம் வகுப்பு. நான் வலையில் பந்துகளைக் கட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டுப் பேச்சு காதில் விழும். "அடுத்த வருஷம் எங்கன்னு ஸ்கூல்ல கேட்டா, இப்போதைக்கு இங்கதான்னு சொல்லும்மா." அடுத்த சுற்றில், "எனக்கு மட்டும் தெரியுமா? தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" அதற்கடுத்த சுற்றில் மகளிடம், "நீ தூங்கி எந்திரிச்சு நாள எண்ணிக்கிட்டே இரு கண்ணு, அப்பா வந்துருவேன்."

வந்த புதிதில் அவனைப் பாடாய்ப் படுத்தியது கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து கோல் பக்கம் அடிக்கும் பந்து. எங்கள் அணியில் கார்னர் அடிப்பவன் இடது கையைத் தூக்கினால் பந்து தூரத்துக் கோல் கம்பத்துக்கு வரும், வலது கை என்றால் பக்கத்துக் கம்பத்துக்கு. கை தூக்குமுன் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டால் எல்லாம் தலைகீழ். இவனுடைய பழைய கிளப்பில் இடது கை என்றால் பக்கத்துக் கம்பம், சாக்ஸ் கதையே கிடையாது. முதல் இரண்டு ஆட்டத்திலும் இவன் ஒரு பக்கம் பாய்ந்தான், பந்து இன்னொரு பக்கம் போய் அநாதையாக விழுந்தது. கேப்டன் பிடித்துக்கொண்டார். "அவன் கையத் தூக்குறது எதுக்கு, உனக்கு டாட்டா காட்டவா?"

"தலைக்குப் புரியுதுண்ணே. காலு கேக்க மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து புலம்பினான். ஆறு வருடப் பழக்கம் லேசில் போகுமா? அப்புறம் என் ஜெர்சி அறைதான் பயிற்சிக்கூடம். சலவை இயந்திரம் தூரத்துக் கம்பம், கதவு பக்கத்துக் கம்பம். நான் துணி மடித்துக்கொண்டே திடீரென்று கை தூக்க வேண்டும், சில சமயம் சாக்ஸை இழுத்துவிட்டுத் தூக்க வேண்டும். அவன் பாய்வான். இயந்திரத்தில் இடுப்பை இடித்துக்கொள்வான். "இன்னொரு தடவைண்ணே." எனக்குக் கையே கழன்றுவிடும்போல இருந்தது. ஐந்தாம் வாரம் கால் வழிக்கு வந்தது. மொத்தம் ஐந்து கோல், அதில் மூன்று கார்னரில். பட்டியலின் அடியிலிருந்து ஏறி ஏறி, கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் போதும், கீழ்ப்பிரிவுக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்ற நிலைக்கு வந்தோம்.

கடைசி ஆட்டம் யாரோடு தெரியுமா? அவனுடைய பழைய கிளப்போடு. இரவல் போனவன் சொந்தக் கிளப்புக்கு எதிராக ஆடக் கூடாது என்பது விதி. அன்று அவன் பார்வையாளன்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு என் அறையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி உலாத்திக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கையெல்லாம் கறுப்பு என்பதால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். பழைய கோச்.

"என்னப்பா, எப்படி இருக்க? உன் கோல் எல்லாத்தையும் பாத்தேன். அடுத்த சீசன் உன்ன வச்சுத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் கோச்."

"ஒண்ணு கேக்கணும். அங்க கார்னர் அடிக்கிறவன் சாக்ஸ இழுக்கிறான், கையத் தூக்குறான். அது என்னப்பா கணக்கு?"

அவன் நின்றான். பத்துப் பதினோரு வாரத்தில் அவன் ஒரே இடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்தான். நான் சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சொல்லிவிடாதேடா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். தூங்கி எழுந்து எண்ணிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையை நினைத்தால், சொல்லித் தொலையேன் என்றும் இருந்தது.

"எனக்கே இன்னும் பிடிபடல கோச். இங்க எல்லாரும் அதுக்குத்தான் என்னத் திட்டுறாங்க."

"மூணு கோல் போட்டிருக்க. பிடிபடலங்கிற."

"தானா வந்து பட்டுச்சு கோச்."

"சரி. பாத்துக்கலாம்." போன் வைக்கப்பட்டது.

"அண்ணே, பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனா?" என்றான். "போடா, போய்க் கையக் கழுவு" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன், அதில் எனக்கென்ன வெட்கம்?

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, நாங்கள் தப்பித்தோம். பழைய கிளப்பிலிருந்து அவனுக்கு இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. எதற்கு இதை எழுத உட்கார்ந்தேன் என்றால், எண்பத்தோராவது நிமிடத்துக்காக. அப்போதே ஒன்றுக்கு ஒன்றுதான். எங்களுக்கு ஒரு கார்னர். அவன் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையில், அதற்குள் நாலு இருக்கை மாறியிருந்தான். கார்னர் அடிப்பவன் குனிந்து சாக்ஸை இழுத்தான். பக்கத்தில் எதிரணி பெஞ்சில் பழைய கோச் எழுந்து நின்றார். மைதானத்தைப் பார்க்கவில்லை. அப்படியே முதுகைத் திருப்பிக்கொண்டு இவனைப் பார்த்தார், இவன் கால்களை. அடப்பாவி மனுஷா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய் பொய் சொல்லும், இவன் கால் சொல்லாது என்பது ஆறு வருடம் பார்த்தவருக்குத் தெரியாதா? கை மேலே போனதும் கால் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பந்து. தன் பையன்களுக்குக் கத்திச் சொல்ல அவருக்கு ஒரு விநாடி போதும்.

இவனும் அவரைப் பார்த்துவிட்டான். கார்னர்காரன் கை உயர ஆரம்பித்தது. இவன் சட்டென்று தலையை முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி, மைதானமே கண்ணில் படாதபடி குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் ஷூ லேஸை இழுத்து இழுத்துக் கட்டத் தொடங்கினான். அன்று அவன் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.