கீற்றுக்கு அடியில் சிவப்பு

காலை ஆறு மணி பத்து நிமிடம். கரை இன்னும் தெரியவில்லை. முதலில் தெரிந்தது ஒரு சிவப்புத் துண்டு.

பட்டினச்சேரிக்கு நேர் கிழக்கே, வலையை இழுத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஃபைபர் படகில் நான் உட்கார்ந்திருந்தேன். சூரியன் அப்போதுதான் எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்திருந்தது. மேற்கே வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. அந்தச் சாம்பலின் நடுவே, எதன் மீதும் நிற்காமல், தீப்பெட்டி அளவில் சிவப்பு மிதந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் கீழே தூண்கள் முளைத்தன. பிறகு மணல் வந்தது, பிறகு ஆட்கள்.

"ஒங்க அத்தான் போட்ட கூரைதான், பேப்பர்காரரே" என்றார் படகுக்காரர். "முன்னாடி அந்த எடத்துல ஒத்தப் பனை ஒண்ணு நிக்கும். அது சாஞ்சதுலேருந்து எங்களுக்குக் கரையே மொட்டையாப் போச்சு. இப்ப இதை வச்சுத்தான் வரோம்."

அதற்குப் பின்னால் பாருங்கள் என்று தாடையால் காட்டினார். சிவப்புக்குப் பின்னே ஊர்த் தண்ணீர்த் தொட்டி மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டும் ஒரே நேரில் வந்தால் அந்த இடத்தில் கடலுக்கு அடியில் பழைய படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது, அங்கே வலை விட்டால் கிழிந்துவிடும் என்றார். நேர் விலகியதும் தாராளமாக விடலாமாம்.

"ஜிபிஎஸ் மெஷின் இருக்குமே?" என்று கேட்டேன்.

"இருக்கு. ராத்திரியே பாட்டரி போச்சுன்னா, விடியக்காலைல நீங்க வந்து மினுக் மினுக்குன்னு எரிவீங்களா?"

படகில் இருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். விளம்பரத்துக்காகப் போட்ட ஒரு கூரைக்கு அதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கடலிலிருந்து பார்த்தவர் யாரும் அதுவரை ஒரு கூரை ஷீட்கூட வாங்கியிருக்கவில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குக் காரைக்கால் நிருபர். சிறிய ஊர்களில் செய்தி எழுதுகிறவரேதான் விளம்பரமும் பிடித்துக் கொடுப்பார். அதனால் அக்காவின் கணவர் கூரை போடும் கடை திறந்தபோது, அதை ஊருக்குத் தெரியப்படுத்தும் வேலை கேட்காமலே என்னிடம் வந்தது. அத்தான் வளைகுடாவில் பல வருடங்கள் கிடங்குகளுக்கு இரும்புக் கூரை போட்டுக்கொண்டிருந்தவர். ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவெடுத்து, காரைக்காலிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஒரு மனையை வாடகைக்கு எடுத்தார். நிறம் பூசிய இரும்பு ஷீட்டுகள் எங்கள் பக்கம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. முதல் லோடு ஒரே நிறமாக எடுத்தால்தான் லாரி அனுப்புவோம் என்று திருச்சி வியாபாரி சொன்னார். என்ன நிறம் என்று அத்தான் கேட்டார். சிவப்பு என்றேன். தலைப்புச் செய்திக்குப் பத்திரிகையில் அதைத்தான் போடுவோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலைகள் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவர் வளைகுடாவுக்கே திரும்பிப் போவது என்று இருந்தது. ஏஜென்ட் விசாவுக்கு ஏற்பாடு செய்து, சென்னையில் மருத்துவப் பரிசோதனைக்கு ஐப்பசியில் ஒரு நாளையும் வாங்கி வைத்திருந்தார். அக்காவின் மகள் தன் அப்பாவை வெகுநாள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், கடைக்கு வரும் ஆளைக் கூப்பிடுவது போல. அந்த ஆவணியில்தான் 'நீ' என்பதற்கு வந்திருந்தாள்.

நான் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். காலைப் பத்திரிகைக்குள் நோட்டீஸ் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களிடம் மாதா கோயில் வாசலில் கொடுத்தோம். உள்ளூர் கேபிள் டிவியில், படத்துக்குக் கீழே எங்கள் கடையின் எழுத்துகள் நாள் முழுவதும் வலமிருந்து இடமாக ஓடின. அவற்றைப் பார்த்துக்கொண்டே அத்தான் மதியத்தில் தூங்கிப்போவார். நோட்டீஸைப் பார்த்துக் கடைக்கு வந்தவர் ஒரே ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இன்றும் அந்த பென்ஷன் வாங்கும் பெரியவர். ஷீட்டுகளை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், ஒவ்வொன்றையும்.

"மழை பெஞ்சா மத்தளம் மாதிரி இருக்குமே தம்பி" என்று சொல்லிவிட்டு, மெசியே என்று பிரெஞ்சு மரியாதையோடு அத்தானுக்கு ஒரு சலாம் வைத்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை. பட்டினச்சேரிக் கடற்கரையில் மீன் ஏலம் போடும் கொட்டகையின் கீற்று மக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இலவசமாகக் கூரை போட்டுக் கொடுத்தால் தினமும் காலையில் நான்கு ஊர் ஜனம் அதன் கீழே நிற்கும் என்றேன். ஊர்ப் பஞ்சாயத்தார் சரி என்றார்கள். கடைப் பெயரை ஒரு பலகையில் எழுதிக் கட்டினோம். ஏலம் கேட்கிற கூட்டத்தில் பலகையைப் படித்தவர் யாரும் இல்லை. எல்லோர் கண்ணும் மீனில் இருந்தது. கடலுக்குள் போனவர்கள்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

படகில் போய் வந்த அதே வாரத்தில் முதல் உண்மையான வாடிக்கையாளர் கிடைத்தார். மீன் மொத்தமாக எடுத்துக் காரைக்கால் மார்க்கெட்டுக்கு அனுப்பும் அம்மாள். ஏலக் கொட்டகையிலேயே குரலால் தெரியும் ஆள். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கட்டிக் கொடுத்த புது வீடுகளில் ஒன்று அவருடையது. மொட்டை மாடி வெயிலில் வீடு கொதிக்கிறது, மாடி முழுவதும் ஷீட் போட்டுத் தா என்றார். அத்தான் மூன்று நாளில் போட்டு முடித்தார். கடற்கரையில் உயரமான சிவப்புகள் இரண்டாயின.

அடுத்த வாரமே ஒரு படகின் வலை கிழிந்தது. விடிகிற வெளிச்சத்தில் அவர்கள் ஏலக் கொட்டகை என்று நினைத்து அந்த அம்மாளின் மாடியைத் தொட்டிக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேர் விலகிவிட்டது என்று நினைத்து, மூழ்கிய படகின் மேலேயே வலையை விட்டிருக்கிறார்கள்.

மாலையில் ஊர் கூடியது. கூடியது ஏலக் கொட்டகையில். சிவப்பைப் பற்றிப் பேச அந்தச் சிவப்பின் கீழேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேற்கு வெயில் மணலில் பட்டு மேலே எழும்பி, ஷீட்டின் அடிப்பக்கத்தில் தேங்கி, முகங்களில் மருதாணித் தண்ணீர் போல வடிந்துகொண்டிருந்தது. அந்த ஷீட்டுகளுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு பூசியிருந்தது. யாரும் உண்மையாகக் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை, வலை கிழிந்தவரைத் தவிர.

"கழட்டச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார் அவர்.

"கழட்டுறதா? ஏன்டா, ஒன் வலை கிழிஞ்சா என் வீட்டுத் தலையப் பிச்சுத் தச்சுக்குவியா?" என்றார் அம்மாள்.

பஞ்சாயத்துத் தலைவர் கையைக் காட்டினார். "ஆத்தா, கேளு. ஊருக்கு ஒரு செவப்புதான் இருக்கணும். கடல்ல போற பயலுவ உசுரு அதுல இருக்கு."

"சும்மா வந்த செவப்புக்கு மரியாதை. காசு குடுத்து வாங்குன செவப்புக்கு அபராதமா? நல்ல நாட்டாமைடா!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவர் அத்தானைப் பார்த்தார். "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. வேற கலர் இருந்தா எங்க ஊரே எடுத்துக்கும். பச்சை இருக்கா?"

"அடுத்த லோடுல கொண்டாந்து தரேங்க" என்றார் அத்தான்.

அடுத்த லோடு வர வேண்டுமானால் இந்த லோடு போக வேண்டும். அது எனக்கும் அவருக்கும் தெரியும். மனையில் சிவப்பு இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. திரும்பும்போது டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

"கடலுக்குள்ள தெரியுற மாதிரி விளம்பரம் பண்ணிட்டே மாப்ளே. ஒன்னை அடிச்சுக்க ஆள் இல்ல."

வீட்டில் அக்கா சோறு போட்டாள். மகள் அத்தான் மடியில் சாய்ந்து, "நீ ஊருக்குப் போறியா?" என்று கேட்டாள். அக்கா ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள். தட்டு நிறைந்து ஓரத்தில் வழிந்தது.

மறுநாள் மதியத்துக்குள் கழற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது. நாங்கள் ஸ்பானர்களோடு போனபோது மாடியில் சிவப்பைக் காணவில்லை. அம்மாள் விடியற்காலையிலேயே இரண்டு மாட்டு வண்டிக் கீற்றை இறக்கியிருக்கிறார். ஷீட்டின் மேலே தென்னங்கீற்றை வரிசையாகப் பரப்பி, காற்றுக்குத் தூக்காமலிருக்கப் பழைய வலையை அதன் மேல் விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டியாகிவிட்டது. வலை கொடுத்தது யார் என்று பார்த்தேன். ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தவர்தான், நேற்று கழட்டச் சொன்ன அதே ஆள். கிழிந்த வலை வேறு எதற்கு ஆகும்?

"கடல்லேருந்து பாக்கச் சொல்லிட்டேன். ஒண்ணும் தெரியலையாம். இப்ப வா தம்பி, உள்ள வந்து பாரு" என்றார் அம்மாள்.

மாடிக்கு ஏறி ஷீட்டுக்கு அடியில் போனோம். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே ஒரு பழத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. ஓரங்களில் புகுந்த வெளிச்சம் சிமெண்ட் தரையில் பட்டு, மேலே உள்ள சிவப்பைத் தொட்டுக் கீழே திரும்பியது. உலர்த்தியிருந்த கருவாடு, தண்ணீர்க் குடம், பாயில் படுத்திருந்த குழந்தையின் உள்ளங்கால், எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தன. சூடு இல்லை. அம்மாள் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் சொன்னார். மழை தூரத்தில் எங்கோ பெய்கிற மாதிரி, பஞ்சில் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

வெறும் கீற்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அப்போதும் ஒழுகும். வெறும் ஷீட் கொதிக்கும், மழையில் அதிரும். இரண்டும் சேர்ந்தால் இரண்டின் குறையும் இல்லை. அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டுப் பெண்கள் வரிசையாக ஏறி வந்து உள்ளே படுத்துப் பார்த்தார்கள். ஒருத்தி தூங்கியே போனாள். அவளுடைய வீட்டுக்கு முதலில் வேலை எடுத்தோம்.

புரட்டாசி முடிவதற்குள் அந்தத் தெருவில் பாதி மாடிகளில் எங்கள் ஷீட்டுகள் இருந்தன. ஒன்றும் வெளியே தெரியவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் கீற்றும் வலையும்தான். கடலிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு சிவப்பு.

நெரவியிலிருந்து ஒரு விவசாயி நெல் கொட்டிவைக்கக் கொட்டகை போட வேண்டும் என்று வந்தார். போட்ட வேலையைக் காட்டுங்கள் என்றார். அத்தான் அவரைப் பட்டினச்சேரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். அவர் தெருமுனையில் நின்று கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"எங்கங்க ஷீட்டு?"

"உள்ள இருக்குங்க."

"கலர் ஷீட்டுன்னுதானே சொன்னீங்க?"

"கலர்தாங்க. மூடி வச்சிருக்காங்க."

அவர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மாடிக்கு ஏற்றிக் காட்டினோம். அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சிவப்பு அவருடைய வெள்ளை வேட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. "எங்களுக்குக் கடல் இல்லீங்க, மூடாமலே போடுங்க" என்றார்.

சென்னையில் மருத்துவப் பரிசோதனைக்குக் குறித்திருந்த நாளன்று காலையில் நல்ல வெயில். அத்தான் பட்டினச்சேரியில் ஒரு மொட்டை மாடியில் ஷீட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.