எஸ்தர் அக்கா கேட்ட அரை நாள் நிழல்

ஜோலார்பேட்டையிலிருந்து எஸ்தர் அக்காவின் தம்பி போன் செய்து, "அக்கா போய்ட்டாங்க குமார்" என்றபோது ஆஸ்பத்திரி வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். கையைத் துடைப்பதற்குள் ஆபீசிலிருந்து இன்னொரு போன். ஃப்ளெக்ஸ் அடிக்க அக்காவின் போட்டோ வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த வண்டியைத் தெரியும். கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவமனை. அக்கா நர்ஸ், நான் டிரைவர். கூரையில் சோலார் தகடு, உள்ளே தடுப்பூசி மருந்துக்கு ஃப்ரிட்ஜ், அதை ஓட்ட, சீட்டுக்கு அடியில் இரண்டு பேர் தூக்கவேண்டிய பழைய பேட்டரி. எந்த டிரைவரும் நிழல் பார்த்துத்தான் நிறுத்துவான். நானும் முதல் நாள் புளியமரத்தடியில் நிறுத்தினேன். "இன்னா குமாரு, நாம குளுகுளுன்னு இருந்தா மருந்துக்கு யாரு சோறு போடுவாங்க? வெயில்ல போடுப்பா" என்றார். அந்த பேட்டரி மெல்லத்தான் ஏறும். வேலூர் மே மாதத்தில், தகர வண்டிக்குள், நாள் முழுக்க! பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள் எங்களைத் திட்டினார்கள். அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஊசி போட்டார்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டர் ஒருவர் ஒரு நாள் எங்களோடு வந்து வெந்துபோனார். லீவில் குடும்பத்தோடு ஊர் சுற்ற, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஒரு வண்டி வைத்திருந்தாராம். அதில் லித்தியம் பேட்டரி. சீக்கிரம் நிறைந்துவிடும், அரை நாள் வெயிலே போதும் என்றார். ஊருக்குப் போனதும் எங்கள் வண்டிக்கென்றே ஒன்றை, அதற்கான சோலார் சார்ஜரோடு அனுப்பினார். "இனிமே மத்தியானத்துக்கு மேல நெழலு குமாரு" என்று அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

வந்த பேட்டரி எங்கே போனது? ஆஸ்பத்திரி டைரக்டர் ரூமுக்கு. கரன்ட் கட் ஆனால் அவருடைய ஃபேன் நிற்கக் கூடாதாம். அக்கா நேரே போய்க் கேட்டார்: "ஃபேன் நின்னா உங்களுக்கு வேர்க்கும் சார். ஃப்ரிட்ஜ் நின்னா கொழந்தைங்க மருந்து கெட்டுப்போகும்." அவர், "பார்க்கலாம் சிஸ்டர்" என்றார். ஒவ்வொரு கோடையிலும் அக்கா கேட்டார். ஒவ்வொரு கோடையிலும் அவர் பார்த்தார். போன கோடையில் அக்கா வண்டிக்குள்ளேயே மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு வேலைக்கு வரவே இல்லை. வெயில்தான் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. எனக்குக் கண் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரங்கல் கூட்டத்தில் டைரக்டர் "தியாகம்" என்று ஆரம்பித்தார், கரன்ட் போய்விட்டது. மைக் நிற்கலாமா? பியூனை அனுப்பி, அக்கா கேட்டுக் கேட்டும் கிடைக்காத அதே பேட்டரியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஓடிய மைக்கில் அக்காவைப் புகழ்ந்தார். தூ! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? எழுந்துபோய் வயரைப் பிடுங்கினேன். ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஸ்டோரில் தூசு படிந்து கிடந்த சார்ஜரையும் எடுத்துக்கொண்டுபோய், இரண்டையும் வண்டியில் மாட்டினேன்.

இன்று அணைக்கட்டுப் பக்கம் கேம்ப். மதியம் வரை வெயிலில் போட்டுவிட்டு, வண்டியை மரத்தடிக்கு நகர்த்தினேன். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் சீட் சுடவில்லை. உட்கார அவர்தான் இல்லை. அக்கா நினைவாக என்னிடம் இருப்பது இந்த பேட்டரிதான். டைரக்டருக்கு வேண்டுமென்றால், வெயிலில் நடந்துவந்து கேட்கட்டும்.