பிரஷர் ஹை க்யா?

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துவிட்டது. எதையும் கடித்து உடையவில்லை, தூங்கி எழுந்தபோது உடைந்திருந்தது. என் மனைவி ஆச்சரியப்படவே இல்லை. "ராவெல்லாம் பச்சரிசி மெல்லுற மாதிரி நறநறன்னு சத்தம். உடையாம என்னங்க செய்யும்?" என்றாள்.

போர்ட் பிளேரில் ஒரு தனியார் படகு கம்பெனியின் டிக்கெட் கவுன்டரில் எனக்கு வேலை. கடல் கொந்தளித்தால் போட் ஓடாது. முடிவு செய்வது மேனேஜர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வது நான். அடுத்த தீவில் ஓட்டலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவன் என் தாயை இழுத்துத் திட்டுவான். பல வருடமாக இப்படித்தான். நெஞ்சு படபடக்கும், சோறு செரிக்காது, வீட்டில் மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் கருவாட்டை நிறுத்தினார்கள். பழியெல்லாம் கருவாட்டின் மேல்.

ஜங்லிகாட்டில் பல் மருத்துவர் ஒரு வங்காளிப் பெண். வாயைப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஹை க்யா?" என்று இந்தியில் கேட்டார். பிரஷர் இருக்கிறதா?

"ஹை. கோலி காதா ஹூன்," என்றேன். இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

அவர் சிரித்துவிட்டார். "வோ நஹீ. காம் கா பிரஷர்."

வேலையில் உள்ள பிரஷரைக் கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பல் வலி என்று வந்தவனிடம் இது என்ன கேள்வி? ஆனால் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த யாரும் இதைக் கேட்டதில்லை. இரண்டுக்கும் ஒரே வார்த்தைதானே என்று எனக்கும் தோன்றியதில்லை. அதே இடத்தில் உட்கார்ந்தால் அடுத்த பல்லும் போகும் என்றார் மருத்துவர்.

வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். இருந்தாலும் மேனேஜரிடம் போய், படகுத்துறையில் சாமான் ஏற்றும் வேலைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் போகிறேன் என்றேன்.

"டென்ஷன் மத் லோ, பாய்," என்றார். டென்ஷன் எடுத்துக்கொள்ளாதே, தம்பி. இந்தத் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது அதுதான்.

"மை லேதா நஹீ. ஆப் தேதே ஹோ," என்றேன். டென்ஷனை நான் எடுத்துக்கொள்வதில்லை, நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

மாற்றினார். இப்போது முதுகு வலிக்கிறது. தாடை வலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கவுன்டரில் இப்போது ஒரு தெலுங்குப் பெண் உட்கார்கிறாள். போன வாரம் காற்று அடித்து போட் நின்றதும், கண்ணாடியைத் தட்டி அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலியிலிருந்த மேனேஜரை எழுப்பி, வெளியே வந்து நீங்களே சொல்லுங்கள் என்று கூட்டிவந்து நிறுத்தினேன்.