ஆல்தா வைத்த தோதாரா

நிபாரண் பர்மனின் பேட்டரி ஆட்டோவில் ஏறியவர்கள் அந்த மழைக்காலம் முழுக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தின்ஹாட்டா ரயில்வே கேட் மூடினால் போதும், சீட்டுக்கு அடியிலிருந்து தோதாரா என்கிற தந்தி வாத்தியத்தை எடுத்து மடியில் கிடத்தி, டொய்ங் டொய்ங் என்று ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணே, ரயில் சத்தமே தேவலை" என்பாள் மீன்கூடைக்காரி.

"இன்னும் நாலு நாள் பொறு. நீயே காசு போட்டுக் கேப்பே."

"இப்பவே காசு தர்றேன். நிறுத்துங்க."

நாற்பது வயதில் இந்தக் கிறுக்கு அவனுக்கு வந்ததற்குக் காரணம் மனைவி தருலதா. பாவையா பாட்டு பாடுகிறவள். பள்ளத்தில் இறங்கும் மாட்டுவண்டி போல நடுவே குரலை உடைத்துப் பாடுகிற பாட்டு அது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் பெண் கேட்டே போனான். அவளுக்குத் தோதாரா வாசித்த அண்ணன் கட்டட வேலைக்கு ஜெய்ப்பூர் போய்விட்டான். போனதிலிருந்து அவள் பாட வாயைத் திறக்கவில்லை. வீடு ஊமையாகிவிட்டது. இந்த வருஷம் காளி பூஜைக்குப் பாடச் சொல்லிப் பந்தல்காரர்கள் வந்தபோது அவள், "வாசிக்க ஆளில்லை" என்றாள். "நான் இருக்கேன்" என்று நிபாரணின் வாய் முந்திக்கொண்டது. அதுவரை அவன் தோதாராவைத் தொட்டதுகூடக் கிடையாது.

தோதாராவுக்கு வீணை மாதிரி மெட்டுகள் கிடையாது. வழவழவென்று வெறும் தண்டி. விரல் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? தருலதாதான் அடுப்படியில் கீரையை நறுக்கியபடியே கத்துவாள். "கீழ! இன்னும் கீழ! அய்யோ, அங்க இல்ல!"

ஒரு நாள் அவளுடைய ஆல்தா சீசா காலியாகக் கிடந்தது. பார்த்தால், அந்தச் சிவப்புச் சாயம் தோதாராவின் தண்டி நெடுகப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு புள்ளி.

"கல்யாணமானவ கால்ல இட்டுக்கிறதை இதுக்கு இட்டு வெச்சிருக்கீங்களே, இதையும் கட்டிக்கிட்டீங்களா?"

"உன்னை விட இது கம்மியாத்தான் திட்டுது."

புள்ளிகளைப் பார்த்து வாசித்ததில் பாட்டு ஒருவழியாக உருப்பட்டது. அவன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

பூஜையன்று மேடையில் உட்கார்ந்ததும் கூட்டத்தைப் பார்த்தான். உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. முதல் பாட்டு பாதி போவதற்குள் ஆல்தா கரைந்து விரல்களெல்லாம் சிவப்பு. தண்டியில் ஒரு புள்ளி மிச்சமில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் அழுத்தினான். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்வரம் வழுக்கி விழுந்தது.

தருலதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்த ஸ்வரத்தின் பின்னாலேயே போய், யாரும் உடைக்காத அந்த இடத்தில் குரலை உடைத்தாள். "ஆஹா!" என்று பந்தலே அதிர்ந்தது. மீன்கூடைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பின் அவன் தண்டியைப் பார்க்கவே இல்லை. அவள் குரலைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தான். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை புது ஆல்தா சீசா வாங்கி வந்து அசடு வழிய நீட்டினான்.

"அது கிடக்கட்டும். நேத்து பண்ணின தப்பைத் திரும்பப் பண்ணுங்க" என்றாள்.

அவனும் வாசித்துப் பார்த்தான். சனியன், சரியாகவே வந்தது. மறுபடியும் சரியாகவே வந்தது.

"சரியா வாசிக்காதீங்கன்னா!"

"தப்பு வர மாட்டேங்குது தரு, நான் என்ன பண்ண?"

கடைசியில் விரல் வழுக்கியது. அதே ஸ்வரம்.

"அங்கதான்! கையை எடுக்காதீங்க!" சீசாவைத் திறந்து, அவன் விரல்நுனியை ஒட்டித் தண்டியில் ஒரே ஒரு புள்ளி வைத்தாள். "மத்ததெல்லாம் நான் பாடுறதைக் கேட்டு வாசிச்சுக்கோங்க. இந்தத் தப்பு மட்டும் தினமும் எனக்கு வேணும்."

மீதி ஆல்தாவைக் காலில் இட்டுக்கொண்டே பாட ஆரம்பித்தாள்.