எதிர்க்கரை ராஜாவின் முகம்

ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். பிரஷ்ஷின் பின்முனையைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். திறந்திருக்கும் கண்ணால் கீழே நிற்கிற ஆளைக் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி புரட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். அடுத்த ரயில் வருவதற்குள் அந்த ஆள் கையில் ஈட்டியோடு சுவரில் நிற்பான்.

ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், பெரிய சுவர் முழுக்க எங்கள் நாட்டுக் காவியத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். முன்பு லாரிகளின் முதுகிலும் கடைப் பலகைகளிலும் எழுதிக்கொண்டிருந்தவள். எல்லோருக்கும் அவள் ஏணியக்கா. அவளைவிட மூத்தவனான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற மூலை அறை என்னுடையது. நாள் முழுக்க அவள் முதுகுதான் எனக்குக் காட்சி.

காலையில் ஏணியில் ஏறி, சுவருக்குக் குறுக்கே உயரத்தில் கட்டிய பலகைக்குப் போனால் சாயங்காலம்தான் இறங்குவாள். பெயின்டும் சாப்பாட்டு டப்பாவும் கயிற்று வாளியில் மேலே போகும். அந்த உயரத்துக்கு நிலையத்தில் வேறு ஏணி இல்லை. இது அவள் சொந்த ஏணி, யாருக்கும் இரவல் கிடையாது. பிரஷ்ஷை இடது தோளில் துடைப்பது வழக்கம். திட்டிப் பார்த்து ஓய்ந்துபோன தையல்காரப் புருஷன், இப்போது சட்டையின் அந்தத் தோளுக்கு மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைத்துவிடுகிறார்.

காவியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றின் இக்கரை ராஜா, எதிர்க்கரை ராஜாவைப் போரில் வென்று இரண்டு கரையையும் ஒரே நாடாக்கினார். அந்த நாடுதான் நம் நாடு என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் நான் அதிகம் படிக்கவில்லை. ஆனாலும் காவியத்தில் ஒரு பக்கம் படித்து, நம் ராஜாவைக் கும்பிடாமல் சோற்றில் கை வைக்கமாட்டேன்.

சுவரில் இருக்கும் முகமெல்லாம் இங்கே வந்து போகிற முகங்கள். ஜன்னல் பக்க பெஞ்சில் உட்கார்ந்தால் நம் படை, கதவுப் பக்க பெஞ்சில் உட்கார்ந்தால் எதிர்ப்படை. இதுதான் அவள் கணக்கு. நிலைய அதிகாரி நம் படையில் குதிரைமேல் இருக்கிறார். அவருடைய மைத்துனர் எதிர்ப்படையில் கால் ஒடிந்து கிடக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதாகக் கேள்வி. என் அறை கதவுப் பக்கம் என்பதால் நானும் எதிர்ப்படைதான், மார்பில் அம்போடு.

"என்னைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போடக்கூடாதா, ஏணியக்கா? நான் நம்ம ராஜாவைக் கும்புடுற ஆளு."

அவள் திரும்பவில்லை. "அந்தப் பக்கம் செத்தவங்களும் கும்புட்டுட்டுதான் சண்டைக்குப் போனாங்க, சாமியண்ணே. உங்க பொஸ்தகத்துலயே இருக்கு."

இருக்கிறது. நம் படை சொன்ன அதே பிரார்த்தனை. அதற்குப் பிறகு நான் இடம் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

அவள் எதிர்க்கரைக்காரி. ஒருநாள் பிரஷ் கழுவும்போது தானாகச் சொன்னாள்: "பள்ளிக்கூட நாடகத்துல எங்க தெருப் புள்ளைங்க மூஞ்சிக்கு மட்டும் கரி. வாயில அட்டைப் பல்லு. எங்கம்மாவே என்னைப் பாத்துச் சிரிச்சிட்டு, அப்புறம் உள்ள போய் அழுதா."

போன வாரம் கலாச்சாரத் துறை அதிகாரி வந்தார். மந்திரி வந்து திறந்துவைக்கப் போகிற சுவர். எல்லாம் முடிந்து, எதிர்க்கரை ராஜாவின் முகம் மட்டும் கிரீடத்துக்குக் கீழே வெறும் வட்டமாக இருந்தது. தோதான முகம் இன்னும் அகப்படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கீழ இறங்கு, பேசணும்" என்றார் அதிகாரி.

"பெயின்ட் காஞ்சிடும் சார். அங்கேருந்தே சொல்லுங்க, காது நல்லாக் கேக்கும்."

"ரெண்டு படையும் ஒரே மாதிரி இருக்கே! யாரு நம்மாளு, யாரு எதிரின்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

"கொடி வேற கலர் சார்."

"கொடி பத்தாது. எதிரிங்களுக்குக் கோரைப்பல் வை. அந்த ராஜாவுக்குக் கொம்பு வை. காவியம்கறது நாட்டோட மானம், தெரியுமா?"

"தெரியும் சார், அதான் வைக்கல. ஒரு மிருகத்தை அடிச்சதுக்கா நம்ம ராஜா மேல இத்தனை பாட்டு? அவரு ஜெயிச்சது மனுஷங்களை. அவங்க பேரப்புள்ளைங்க இதே பெஞ்சுலதான் ரயிலுக்கு உக்காந்திருக்காங்க."

கதவுப் பக்க பெஞ்சில் இருந்த கிழட்டுப் போர்ட்டர் வாயைத் திறந்து காட்டினார். "எனக்குப் பல்லு வச்சாப் புண்ணியம் சார். இருக்கறதே நாலுதான்."

கூடமே சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மாத்தலேன்னா, நாளைக்கே மொத்தச் சுவரையும் வெள்ளையடிச்சிடுவேன்!"

சிரிப்பு அடங்கிப்போயிற்று. மழைக்காலத்துக்கு முன்னால் தொடங்கிய வேலை அது. அவள் கை அசையவில்லை. பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு நீலம் தரையில் விழுந்தது.

"அடிங்க சார். வெள்ளையடிச்சா நம்ம ராஜாவும் சேந்துதான் போவாரு."

"ஏணியை எடுங்கடா! எப்படி இறங்குறான்னு பாக்குறேன்!"

அவரோடு வந்த ஆட்கள் ஏணியை இழுத்து வந்து என் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். மேலேயிருந்து குரல் வந்தது: "சாமியண்ணே, அதுக்கு டோக்கன் போடுங்க. என் சாமான்."

வாங்குகிற பொருளுக்கு டோக்கன் தராமல் இருந்தும், டோக்கன் இல்லாமல் பொருளைத் திருப்பித் தந்தும் எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை ஏணியில் கட்டினேன். மற்றொன்றை, ஆண்டவனை நினைத்துக்கொண்டு, அதிகாரியின் முன்னாலேயே நடந்துபோய் அவள் வாளியில் போட்டேன். வாளி மேலே போயிற்று.

"நான் இறங்கறது இருக்கட்டும் சார்," என்றாள், டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டே. "வெள்ளையடிக்க வர்ற ஆளு எதுல ஏறுவான்?"

அதிகாரி இடுப்பில் கை வைத்து, கழுத்தை நிமிர்த்தி அவளையே முறைத்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. தோற்க மனமில்லாத முகம்.

ஏணியக்கா கிரீடத்துக்குக் கீழே இருந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவரைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரஷ்ஷின் பின்முனையைக் கடித்தாள்.