பாட்டில்லாத பத்தொன்பது நாட்கள்

பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவருக்கு அங்கே ‘காலண்டர்’ என்று பெயர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டியது, எந்த ஓட்டுநருக்கு என்றைக்கு விடுப்பு என்பதெல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். தேதி எழுதும்போது மாதத்தை எண்ணால் எழுத மாட்டார், எழுத்தால்தான் எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ 5-6 என்று விடுப்பு எழுதி வைக்க, அதை ஒருவர் ஜூன் ஐந்து என்றும் இன்னொருவர் மே ஆறு என்றும் படித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ஓட்டுநருக்கு அவர் கல்யாணத்தன்றே காலை ஆறு மணி வண்டி போட்டிருந்தது. பணிமனையே சிரித்தது. காலண்டர் சிரிக்கவில்லை. அன்று முதல் எண்ணால் மாதம் எழுதிய சீட்டு எது வந்தாலும், மேலாளரே கையெழுத்துப் போட்டிருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவர், வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கை மட்டும் நோட்டில் எழுதாமல் கணினியை நம்பி விட்டிருந்தார்.

பதினாறு வருடத்துக்கு முன் நடந்தது அது. அவர் மனைவி அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். திடீரென்று வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம், இவருக்குப் பணிமனை. மனைவி மட்டும் பெட்டியோடு போய் விடுதியில் தங்கினார். தினமும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். வீட்டு விஷயம், மகள் விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியாக அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு பாட்டைச் சொல்வார். பேருந்தில் நடத்துநர் முணுமுணுத்தது, விடுதிச் சமையல்காரம்மா வானொலியில் வைத்தது, ஊசிக்குப் பயந்த குழந்தைக்கு அதன் அம்மா பாடியது என்று ஏதாவது ஒன்று இருக்கும். காலண்டர் எங்கிருந்தாவது அதைத் தேடிப் பிடித்து, அன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுவார். ஏற்றியதும் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘சேர்த்த தேதி’ தானாகவே விழும். அதுவே எழுதிக்கொள்கிறதே, நாம் வேறு எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஜூன் மூன்றாம் தேதி போன மனைவி, ஒரு வருடம் பதினோரு மாதம் கழித்து மே எட்டாம் தேதி திரும்பினார். அதற்குள் அறுநூற்று எண்பத்தாறு பாட்டுகள் சேர்ந்துவிட்டன. இருவரும் கடிதமே எழுதிக்கொண்டதில்லை. இதுதான் அவர்கள் கடிதக் கட்டு. ஓய்வு பெற்ற பிறகு, மாலை ஐந்து மணித் தேநீரோடு, அதே தேதியில் அன்று சேர்ந்த பாட்டைப் போட்டுக் கேட்பது வழக்கமாயிற்று. தேதியைச் சொன்னால்தான் மனைவிக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

இந்த வருடம் பழைய கணினியின் மின்விசிறி, மேட்டில் ஏறும் பழைய வண்டி மாதிரி உறுமத் தொடங்கியது. மகள் புதிய கணினி வாங்கிக் கொடுத்தாள். பழைய பாட்டு மென்பொருள் புதியதில் ஓடாது என்றதால், மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வேறொன்றைப் போட்டு, பாட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்து, போகிற வழியில் பழைய கணினிப் பெட்டியைக் கணினிக் கடையில் மாற்றுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை காலண்டர் புதிய கணினியைத் திறந்தார். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பாட்டும் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்த தேதி, முந்தின நாள் ஞாயிறு. பாட்டு எந்த வருடம் வெளிவந்தது என்பதைக்கூட அது சரியாகச் சொன்னது. அது யாருக்கு வேண்டும்?

மருமகனைக் கூப்பிட்டார்.

“பாட்டெல்லாம் இருக்குல்ல மாமா? ஒண்ணுகூட விடலையே.”

“பாட்டு இருக்கு மாப்பிள்ளை. நாள்தான் இல்லை.”

மருமகனுக்கு அது புரியவில்லை. புரியவைக்கவும் இவருக்கு நேரமில்லை. மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கணினிக் கடையை நடத்துவது நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மாற்றுக்கு வந்த பெட்டிகளில் பதிந்திருந்ததையெல்லாம் அன்று காலை கடை திறந்ததுமே துடைத்தெடுத்துவிட்டதாகச் சொன்னார். காலண்டர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்குத் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி, “இன்னிக்கு என்ன பாட்டு?” என்று கேட்பார். என்ன சொல்வது என்பது மட்டும்தான் அவர் மனதில் ஓடியது.

அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கடைக்காரப் பெண் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

“இது உங்களோடதா பாருங்க சார்.”

பெட்டியின் பக்கவாட்டில் காலண்டர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மின்விசிறியில் சத்தம், 14 ஜூன் முதல். மற்றபடி நலம்.’

“பழசைத் தள்ளிவிட வர்றவங்க யாராவது நோய்க் குறிப்பு எழுதி ஒட்டுவாங்களா? ரிப்பேருக்கு வந்ததுன்னு நெனச்சு அந்த அலமாரியில வெச்சுட்டேன். தப்பிச்சீங்க.”

காலண்டர் அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண் பழைய கணினியைப் போட்டு, அதிலிருந்த பட்டியலைத் தேதிகளோடு ஒரு கோப்பாக எடுத்து, பென்டிரைவில் கொடுத்தார். புதிய மென்பொருளில் அதை எப்படி ஏற்ற வேண்டும் என்றும் தாளில் எழுதிக் கொடுத்தார். பெட்டியை இப்போதைக்குத் துடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு காலண்டர் வீடு திரும்பினார்.

ஏற்றியபோது தேதிகள் வந்தன. ஆனால் ஏதோ இடறியது. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மனைவி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“நான் வந்த அன்னிக்கு வாசல்ல நின்னே பாடின பாட்டுதானே இது? ஆகஸ்ட் அஞ்சுன்னு போட்டிருக்கு. நான் மூணு மாசம் லேட்டாவா வந்தேன்? அந்த மூணு மாசம் எங்கே போயிருந்தேங்க?”

இனி மறைத்துப் பயனில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, தான் மாடிப்படி இறங்கும்போதே, அவர் கிளம்பிய செருப்புச் சத்தத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது என்றார்.

காலண்டர் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினார். எந்த மாதத்திலும் பன்னிரண்டாம் தேதிக்கு மேல் ஒரு பாட்டும் இல்லை. அப்படி விட்டுப்போனவையெல்லாம் இன்றைய தேதியில் குவிந்து கிடந்தன. மே ஐந்து சரி. ஜூன் ஆறு சரி. ஆகஸ்ட் எட்டு சரி. ஏழாவது மாதம் ஏழாம் தேதியும் சரி. மற்றதெல்லாம் தலைகீழ்.

பணிமனையில் ஓட்டுநருக்கு நேர்ந்த அதே கதைதான். மென்பொருள் மாதத்தை முதலில் படித்திருந்தது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மீதியைக் கைவிட்டுவிட்டது. பழைய மென்பொருளில் தேதியை எண்ணால் காட்டச் சொல்லி வைத்ததும் வேறு யாருமல்ல, இவரேதான். எழுத்தால் போட்டால் தேதிப் பத்தி அகலமாகிப் பாட்டின் பெயர் மறைகிறது என்று மாற்றியிருந்தார்.

“ஊரையெல்லாம் திருத்தினீங்க,” என்றார் மனைவி. சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, ஏற்றுகிற இடத்திலேயே நாள் முதலா மாதம் முதலா என்று ஒரு கட்டம் இருக்கும், அதை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றார் கடைக்காரப் பெண். காலண்டர் ஏற்றினார். ஜூன் மூன்று வந்தது. மே எட்டு வந்தது. ஆனாலும் அவர் நம்பவில்லை. இரண்டாம் வருடம் அக்டோபருக்குப் போனார். இருபத்தொன்றாம் தேதி ஒரு பாட்டு. அதற்கு அடுத்தது நவம்பர் பத்து. நடுவில் ஒன்றுமில்லை. முந்தின தடவை அந்த இடத்தில், எங்கெங்கோ இருந்து வந்த ஒன்பது பாட்டுகள் உட்கார்ந்திருந்தன.

அவர் நாற்காலியில் சாய்ந்து, நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

அந்தப் பத்தொன்பது நாளும் மனைவி கூப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர் கேட்க, அந்த வாரம் பணிப்பட்டியல் போடும் வாரம் என்று இவர் சொல்ல, உங்கள் பதிவேட்டோடேயே குடும்பம் நடத்துங்கள் என்று தொலைபேசியை வைத்தவர்தான். இவரும் வீறாப்பில் இருந்துவிட்டார். இருபதாம் நாள் ஏழு மணிக்கு மணி அடித்தது. எடுத்தால், நலமா என்றுகூடக் கேட்காமல் ஒரு பாட்டின் பெயர் வந்தது.

“சண்டை போட்டது திரும்பக் கிடைச்சதுக்கா இவ்வளவு பெரிய மூச்சு?” என்றார் மனைவி.

“இந்த இடம் காலியா இருந்தாத்தான் மத்தது சரின்னு அர்த்தம்.”

மனைவி எழுந்து போய்த் தேநீர் போட்டார். மணி ஐந்து ஆகியிருந்தது. அன்றைய தேதிப் பாட்டைக் கேட்டார்கள். மழைக்கு ஒதுங்கிய மருந்துக்கடை, அங்கே தன் குடையை மாற்றி எடுத்துப்போன ஆள் என்று எல்லாம் தேதி சொன்னதும் மனைவிக்கு வரிசையாக வந்தன. காலண்டர் புதிய நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் ‘3 ஜூன்’ என்று எழுதி, அறுநூற்று எண்பத்தாறையும் பார்த்து எழுதத் தொடங்கினார். நாலாவது வரியில் மனைவி குறுக்கிட்டார்.

“அந்தப் பத்தொன்பது நாளும் என் காதுல பாட்டே விழலைன்னா நெனச்சீங்க?”

காலண்டர் பேனாவை வைத்தார்.

“விழுந்துச்சா?”

“தினமும்தான். ஒண்ணு மட்டும் மறக்கவே இல்லை. சொன்னா எந்தத் தேதியில போடுவீங்க?”

அவர் திரையைப் பார்த்தார். அந்தக் காலி இடம் அப்படியே இருந்தது.

“நீ சொல்றது இன்னிக்குத்தானே. இன்னிக்குத் தேதியிலதான்.”

மனைவி பாட்டின் பெயரைச் சொன்னார். காலண்டர் தேடத் தொடங்கினார்.