பெரியவருக்கு மூன்றாம் காட்சி வரைக்கும்தான் வேலை

ஆபரேட்டருக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. அதற்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஃபிலிம் ஓட்டிய மனிதர். நம்பிக் கண்ணயர்ந்த அன்றைக்குத்தான் ரீல் அறுந்து கீழேயிருந்து விசில் பறக்கும் என்று அவருக்குத் தெரியும். மெஷினைச் சந்தேகப்பட்டார், ரீல் பெட்டி கொண்டு வருகிறவனைச் சந்தேகப்பட்டார், இடைவேளையில் மாடிப்படிப் பக்கம் வருகிற எல்லோரையும் சந்தேகப்பட்டார். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்ணை மட்டும் சந்தேகப்படாமல் கல்யாணம் செய்துகொண்டார். குறை வைப்பானேன் என்று அதற்குப் பிறகு அவளையும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டம் குறைந்து தியேட்டரை மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நாலு வருஷம் அங்கே சிமெண்ட் மூட்டைகள் ஹவுஸ்ஃபுல்லாக உட்கார்ந்திருந்தன. அப்புறம் நாடகக்காரர்கள் வந்தார்கள். திரையைக் கழற்றினார்கள், முன்னால் நாலு வரிசை நாற்காலியைப் பிடுங்கி மேடை கட்டினார்கள். ஆபரேட்டரை விளக்குப் போடும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மேலே அதே ரூம், ஹாலைப் பார்க்கிற அதே சதுர ஓட்டை. பழைய மெஷின் மூலையில் துணி போர்த்தி நின்றது. அந்த ரூம்தான் அவருக்கு உயிர். அதையும் பிடுங்கிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து எதைத்தான் சந்தேகப்படுவது?

முதல் நாடகத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. டைரக்டரம்மா ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். அந்த ஆள் டேப்பை நீட்டி ரூமை அளந்தான். கதவு, ஓட்டை, மெஷின், கடைசியில் அவரை எழுந்திருக்கச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக்கூட அளந்தான்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“சும்மாதாங்க ஐயா.”

சும்மா யாராவது ஸ்டூலை அளப்பார்களா? அவருக்கு மூக்கில் வேர்த்தது. ஒத்திகையைக்கூட இங்கே வைக்காமல் எங்கோ ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். துணி தைக்கிறேன் என்று அவர் மனைவி தினமும் அங்கே போனாள். என்ன நாடகம் என்று கேட்டால், “வந்து பாருங்களேன்” என்று உள்ளே போய்விடுவாள். அவர் கையில் கொடுத்ததெல்லாம் ஒரு சீட்டு. முதல் மணிக்கு இந்த சுவிட்ச், இரண்டாம் மணிக்கு அந்த சுவிட்ச்.

நாடகத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மாடிப்படியில் இறங்கும்போது கீழே பேச்சுக் கேட்டது. டைரக்டரம்மாவின் குரல்.

“மூணாவது காட்சியோட பெரியவரை அனுப்பிடலாம். அதுக்கு மேல அவருக்கு வேலை இல்ல.”

“பாவம், கொஞ்சம் கௌரவமா அனுப்புங்க,” என்றது இன்னொரு குரல். அவர் மனைவி!

தினம் மாலை ஒரு காட்சி என்று போர்டு போட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினார். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. ஆக, ஞாயிற்றுக்கிழமையோடு சரி. இருக்கட்டும், நாமும் சும்மா போக வேண்டாம், மெயின் ஃபியூஸையும் கழற்றிக்கொண்டு போவோம் என்று முடிவு கட்டினார். ஃபிலிம் ஒட்டுகிற கத்தரியையும் சட்டையையும் அன்றைக்கே பையில் போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பியது. முதல் மணி அடித்தது. மேடையில் ஒரு தியேட்டர் கட்டினார்கள். ‘நம்ம தியேட்டர் மாதிரி இருக்கே’ என்று நினைத்தார். இரண்டாம் மணிக்கு டிக்கெட் ஜன்னலுக்குள் இருபது கைகள் ஒரே சமயத்தில் நுழைந்தன, ஜனம் சிரித்தது. மூன்றாம் மணிக்கு சுவிட்சைப் போட்டவர் திகைத்துப் போனார். அவருடைய ரூம்! அதே குட்டைக் கதவு, அதே ஸ்டூல். அதில் ஒருவன் உட்கார்ந்து ரீலை முறைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் வேஷக்காரர் வந்தார். “இன்னியோட தியேட்டரை மூடறோம் பெரியவரே. நீங்க போகலாம்.”

அந்த ஆள் மெஷினை அணைத்தான், மெஷின் ஃபேனையும் அணைத்தான், பையை எடுத்தான். ஆபரேட்டருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஓட்டையில் முகத்தை வைத்துக் கத்தினார்.

“டேய், ஃபேனை நிறுத்தாதடா! சூட்டுல லாம்ப் வெடிச்சிடும்!”

ஹால் மொத்தமும் திரும்பி மேலே பார்த்தது. நடிகன் ஒரு நொடி தடுமாறினான். பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டான். “எவ்வளவு நேரம் ஓடணும்?”

“பத்து நிமிஷம். அதுவரைக்கும் ஆபரேட்டர் ரூமை விட்டு நகரக் கூடாது.”

அவன் பையை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலில் சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். தியேட்டரை மூடிய அன்று அந்தப் பத்து நிமிஷம் இவர் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முந்நூறு பேர் அவரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மனைவி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

“அளந்தது இதுக்கா?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பின்ன? சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க.”

“மூணாவது காட்சியோட அனுப்பறேன்னு சொன்னது?”

“அந்தப் பெரியவரை. நாடகத்துல ஒரு கட்டத்துக்குப் பேர்தாங்க காட்சி. சினிமா ஷோ இல்ல.” அவள் பார்வை அவருடைய பையின் மேல் விழுந்தது. “இது என்ன?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் ஆனதும் ஓட்டை வழியாகச் சொன்னார். “ஆச்சு. இப்பப் போகலாம்.” நடிகன் ஃபேனை நிறுத்தி, குனிந்து கதவைத் தாண்டினான். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.

“இவ்வளவும் சொல்லிக்கொடுத்தவ, ஃபேன் விஷயத்தை மட்டும் எப்படி விட்டே?” என்றார் மெதுவாக.

“மறந்துட்டேன்.”

“மறந்தியா, வேணும்னே விட்டியா?”

அவள் பையைப் பிரித்து, கத்தரியை எடுத்து அதன் ஆணியில் மாட்டினாள்.